தாம்பாளத்துக்கு ஆள் வரும்

…ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வந்துவிடுவான், அதனால்தானே புதன்கிழமையாகப் பார்த்து வந்தது, புதன்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறங்கும், பாத்திரக் கடையை விட்டு அவனால் இம்மியும் அசைய முடியாது என்று கணக்குப் போட்டுத்தானே கிளம்பியது, பிறகு எப்படி இவன் இங்கே… கண்ணாடிக்குள் நெல்லையப்பன் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நனைந்த குடையை வெளியே நீட்டி ஒரு உதறு உதறிவிட்டு வாசல் கம்பியில் மாட்டினான். பக்கத்தில் ராஜையனின் குடை தொங்கியது. பிடியில் சிவப்பு நூல் சுற்றிய குடை, அந்த நூலைச் சுற்றியதே நெல்லையப்பன்தான், போகிற இடமெல்லாம் விட்டுவிட்டு வருகிற மறதிக்காரப் பயலுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா என்று கடைச் சணல்களுக்கு நடுவிலிருந்து சிவப்பாகத் தேடியெடுத்துச் சுற்றிக் கொடுத்தான், அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துவிட்டும் உள்ளே வருகிறானே, திரும்பிப் போயிருக்கலாமே… இல்லை, அவன் எதற்குத் திரும்பிப் போக வேண்டும், தப்புப் பண்ணியவன் எவனோ அவனல்லவா போக வேண்டும். போவதற்கு வழியில்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, இரண்டு கையும் துணிக்குள், மண்டையை முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ரீகுமார் பின்கழுத்தில் கத்திரியை ஓட்டிக்கொண்டிருக்கிறான். மோவாய் நெஞ்சில் இடிக்கிறது. விழியை மட்டும் மேலே தூக்கினால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பெஞ்சு தெரியும், பெஞ்சில் அவனுடைய வேட்டி தெரியும், முகம் தெரியாது. அது போதும், முகம் தெரியாமல் இருப்பதே நல்லது. திடீரென்று வேறொன்று தோன்றி ராஜையனுக்குக் காது சூடானது. அவனும் புதன்கிழமையாகப் பார்த்துத்தானே வந்திருக்கிறான். சரக்கு இறங்குகிற நாளில் கடையைப் போட்டுவிட்டு அவன் முடிவெட்ட வர வேறு என்ன காரணம் இருக்க முடியும். வேலையெல்லாம் முடிந்து ஓய்வு பெற்ற ராஜையன் ஞாயிற்றுக்கிழமையை விடவே மாட்டான் என்று அவனும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். ஆயுசெல்லாம் கூடவே திரிந்த இரண்டு கிழவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க ஒரே நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க, மழ பிடிச்சிட்டு இல்லியா" என்று ஸ்ரீகுமார் கத்திரியை நிறுத்தாமலே சொன்னான். திருவனந்தபுரம் வலியசாலைத் தெருமுனையில் அவனுடைய அப்பா காலத்திலிருந்து இருக்கிற கடை, வருகிறவர்களிடமெல்லாம் அவன் மலையாளம்தான் பேசுவான், இந்த இரண்டு பேர் வந்தால் மட்டும் நாக்கைத் தமிழுக்குத் திருப்பிக்கொள்வான், அது அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். "ரெண்டு பேரும் இன்னைக்கு புதனாழ்ச்சயாக்கிட்டீங்களா, ஞாயிறு வரல்லியேண்ணு நான் நெனச்சேன்." ராஜையன் பெஞ்சுப் பக்கம் காதைக் கொடுத்தார். இப்போது நெல்லையப்பன் சொல்லுவான், ஏதாவது ஒன்று, குத்தலாகவோ வேடிக்கையாகவோ, அவனுக்கு வாய் சும்மா இருக்காது, ஆமாடே, பெரிய ஆளுக பக்கத்துல உக்காரதுக்கு ஞாயித்துக்கெழம சீட்டு கெடைக்க மாட்டேங்குன்னு சொல்லுவான், சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும், திட்டினால்கூடப் போதும், திட்டுகிறவனிடம் பதிலுக்கு ஏதாவது பேசலாம்… "மழயொந்நும் சாரமில்லா ஸ்ரீகுமாரே. நீ சாறின்டெ காரியம் ஆத்யம் தீர்க்கு. எனிக்கு திரக்கில்லா." கத்திரி ஒரு கணம் நின்றது. ஸ்ரீகுமாருக்கே திகைப்பு. மழையெல்லாம் ஒன்றுமில்லை, முதலில் சாருடைய வேலையை முடி, எனக்கு அவசரமில்லை. சார் யார்? கடையில் இருந்தது மூன்றே பேர். ராஜையன் விழியை இன்னும் கொஞ்சம் உயர்த்தப் பார்த்தார், ஸ்ரீகுமாரின் கை அழுத்தியது, வேட்டிக் கரைதான் தெரிந்தது, பச்சைக் கரை, கடைக்குக் கட்டுகிற வேட்டி.

மலையாளம் பேசுகிறான். நெல்லையப்பன் மலையாளம் பேசுகிறான், நான் இருக்கும்போது. அதெப்படி, அது நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடையாதே… தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து கிடையாது. எல்லையோரப் பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த வேதமாணிக்கம் உபதேசியார் மகனும் திருநெல்வேலியிலிருந்து சாலைக்குப் பிழைக்க வந்த பாத்திரக் கடைக்காரர் மகனும் முதல் நாளே சண்டை போட்டுக்கொண்டார்கள், உன் தமிழ் தமிழே இல்லை என்று நெல்லையப்பன், உன் தமிழ்தான் பாட்டுப் பாடுகிறது என்று ராஜையன், அந்தச் சண்டையில் ஒட்டிக்கொண்டதுதான். பிறகு ராஜையனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு கோப்பில் என்னவோ தப்பாக எழுதிவிட, சூப்பிரண்டு தலையைக்கூட நிமிர்த்தாமல், பாண்டிக்கு இத்ரயொக்கெயே அறியூ என்றார். பாண்டிக்காரனுக்கு, அதாவது தமிழனுக்கு, இவ்வளவுதான் தெரியும். செக்‌ஷனே சிரித்தது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, சாயங்காலம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு ராஜையனின் காதை விட்டு இறங்கவேயில்லை. அன்றிலிருந்து ரேடியோவில் மலையாளச் செய்தி வாசிக்கிறவர் பின்னாலேயே முணுமுணுத்து முணுமுணுத்து நாக்கைத் தேய்த்தார், பாறசாலை வாடையே தெரியாமல் கழுவினார், ராஜையன் என்ற பெயரை ராஜன் என்று சுருக்கிக்கொண்டார். நெல்லையப்பனிடம் மட்டும் அதை மறைக்க முடியவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏல ராஜையா, ஆபீஸ்ல நீ எந்தப் பாஷையில வேணும்னாலும் கொழையில, பொழப்பு. எங்கிட்ட வந்து அந்த ராகத்த எடுத்தேன்னு வையி, செவுள்ல ஒண்ணு வச்சிருவேன்." சரிடே என்று இவரும் சிரித்தார். அவ்வளவுதான் ஒப்பந்தம், அதற்குப் பிறகு எத்தனை பேர் சுற்றி நின்றாலும், கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தமிழ்தான். ஆனால்… நன்றாக யோசித்துப் பார்த்தால் சுற்றி யாரும் இல்லாத இடமாகத்தான் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், இல்லையா? அவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்று ராஜையா என்று கூப்பிட்டால் நான் பாய்ந்து எழுந்து தோளில் கை போட்டு டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவேன். என்ன அன்பு என்று அவன் நினைத்திருப்பான். திரும்பி வந்து பக்கத்து சீட்டுக்காரரிடம், பழைய சிநேகிதன், பாவம், மலையாளம் வராது என்பேன். பாவம் என்ற சொல்லையும் சேர்த்தேதான் சொல்வேன்.

ஸ்ரீகுமார் தலையை நிமிர்த்தி விட்டான். இப்போது கண்ணாடியில் முழு நெல்லையப்பன். மடியில் விரித்த மலையாளப் பேப்பர். நெற்றியில் மூன்று பட்டை, மழையில் ஓரம் கரைந்திருக்கிறது. அந்த நெற்றிதான், அதே பட்டைதான் அன்றைக்கும்… ராஜையன் கண்ணை மூடிக்கொண்டார். சோப்புப் பிரஷ் கன்னத்தில் சில்லென்று சுழன்றது. கண்ணை மூடினால் மட்டும் என்ன, மூடினால்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மகள் ஆர்ஷா கைக்குழந்தையாக இருந்தபோது காது குத்தியதிலிருந்து வருகிற உறவு. மனைவி செல்லபாய்க்குக் கூடப்பிறந்தவன் இல்லை. சபைக்காரர்கள் அதற்கெல்லாம் முறை பார்ப்பதில்லை, ஆனாலும் தாய்மாமன் மடியில்லாமல் பிள்ளைக்குக் காது குத்த அவளுக்கு மனசு வரவில்லை, ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். நெல்லையப்பனுக்கு விஷயம் தெரிந்ததும் கேட்கவேயில்லை, நெற்றியில் விபூதிப் பட்டையடித்துக்கொண்டு ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பழமும் கற்கண்டும் துணியும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். தட்டான் ஊசியை எடுப்பதற்கு முன்பே பிள்ளை அவன் வேட்டியை நனைத்துவிட்டது. மாமனுக்கு மருமவ வச்ச மொத சீரு இதுதாம்ல என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்றைக்குத் தொடங்கியது அந்தத் தாம்பாளத்தின் போக்குவரத்து. வெறும் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று செல்லபாய் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வைத்துக் கொடுப்பாள், தீபாவளிக்கு அது அதிரசத்தோடு திரும்பி வரும், வெறுமையாக ஒருநாளும் அது ரோட்டில் போனதில்லை. தாம்பாளம் யாருடையது என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. மாமா மாமா என்று ஆர்ஷா அவன் கடைப் படியில்தான் வளர்ந்தாள், குத்துவிளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள், டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தபோது முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டை, அவனுக்கு ஒரு சட்டை, அவனுடையது கொஞ்சம் நல்ல சட்டையாக இருந்தது, அதற்காக நான் இரண்டு நாள் கடுகடுவென்று இருந்தேன்.

கோட்டயத்துக் குடும்பம், பழைய குடும்பம், பையன் அபின் ஆர்ஷாவோடு வேலை பார்க்கிறவன், அவர்களாகவே பிடித்துப்போய் அவர்களாகவே வீட்டில் சொல்லி, எந்த வில்லங்கமும் இல்லாமல் பெண் கேட்டு வருகிறோம் என்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும்? சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் ராஜையன் வீட்டில் எதையெதை மறைப்பது என்று பார்த்தார். அப்பாவின் தமிழ் வேதாகமம் கண்ணாடி அலமாரியிலிருந்து படுக்கையறைக்குப் போனது. அவர்கள் இருக்கும்போது நீ அந்த லேய் லோய் தமிழெல்லாம் வேண்டாம் என்று செல்லபாயிடம் சொல்லியாயிற்று, அவள் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். நெல்லையப்பனிடம் என்ன சொன்னது? அடுத்த வாரமோ என்னவோ வருகிறார்களாம், உறுதியானால் சொல்கிறேன் என்று சொன்னது. உறுதியாகியிருந்தது. அவனிடம் பொய் சொன்னபோதே நாக்கு கூசியிருக்க வேண்டும், கூசவில்லை, சௌகரியமாக இருந்தது. ஆனால் செல்லபாய் விடுவாளா, மாமன் இல்லாமல் பேச்சு நடக்குமா என்று அவள் பாட்டுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். அவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, சம்பந்தி ஆகப் போகிறவர் ரப்பர் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், ராஜையன் தன் கழுவித் துடைத்த மலையாளத்தில் ஆமோதித்துக்கொண்டிருந்தார், வெளியே ஆட்டோ வந்து நின்றது. பட்டுக்கரை வேட்டி, மூன்று பட்டை விபூதி, இரண்டு கையிலும் ஏந்திய தாம்பாளம் நிறைய பழமும் கற்கண்டும் பூவும் மேலே ஒரு சேலையும். வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே குரல். "ஏல ராஜையா, எம்மருமவ எங்கல?" அறையில் அத்தனை தலையும் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் ராஜையன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறார், யாருமே சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கு மட்டும் பழைய செக்‌ஷன் சிரிப்பு காதுக்குள் கேட்டது. ஆரா இது, யார் இவர் என்று அபினின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், எழுந்திருக்கக்கூடப் போனார். ராஜையன் முந்திக்கொண்டு சொன்னார். "நம்மட சாலையிலெ கடக்காரனா. பாத்ரமொக்கெ வாடகைக்கு தருந்ந ஆளு." பாத்திரம் வாடகைக்குத் தருகிற கடைக்காரர். பொய்யா? பொய்யே இல்லை, அவன் வாடகைக்கும் கொடுக்கிறவன்தான், அதுதான் இதிலே பெரிய அசிங்கம், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் பக்கம் திரும்பி, அவனிடமே, மலையாளத்தில், "அகத்து வெச்சிட்டு பொய்க்கோ" என்றார். உள்ளே வைத்துவிட்டுப் போ. அவன் ஒரு நொடி இவர் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருக்கலாம். காரணத்தைத் தேடுகிற மாதிரி பார்த்தான், கண்டுபிடித்துவிட்ட மாதிரி தலையசைத்தான். பிறகு, கடைக்காரர்கள் பெரிய வீடுகளில் செய்வார்களே அப்படி, தோளை லேசாகக் குறுக்கிக்கொண்டு, வந்தவர்கள் யார் காலிலும் இடிக்காமல் சுவரோரமாகவே நடந்து அடுக்களைக்குப் போனான்.

என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நடித்தான். அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேஷம் கலைந்திருக்கும், அவன் சொல்லவில்லை. அவன் அடுக்களைக்குள் நிற்கும்போதுதான் அபினின் அம்மா கேட்டார், பெண்ணின்டெ அம்மாவன் ஆரும் வந்நில்லே. பெண்ணுக்குத் தாய்மாமன் யாரும் வரவில்லையா… அவர்கள் பக்கத்திலும் மாமனுக்கு மரியாதை உண்டு போலிருக்கிறது. கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி ஒரு வாய்ப்பு. இதோ உள்ளே நிற்கிறானே என்று சொல்லியிருந்தால், அட, அது எங்கள் விளையாட்டு என்று என்னத்தையாவது சொல்லி இழுத்துக்கொண்டு வந்திருந்தால்… ராஜையன் சொன்னது, இவள்க்கு ஆங்ஙளமாரில்லா. இவளுக்கு, அதாவது செல்லபாய்க்கு, உடன்பிறந்த ஆண் கிடையாது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். இரவு செல்லபாய் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, இவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "குடிக்க வெள்ளம் வேணுமாண்ணு கேட்டேன் அந்த அண்ணன்கிட்ட. வேண்டாம்மா, நல்லபடியா நடக்கட்டும்ணு சொல்லிட்டு பொறவாசல் கூடிப் போயாச்சு. செருப்பு முன்னால கெடந்து. அது எடுக்க முன்னால வந்தா நீங்க சங்கடப்படுவீங்கண்ணு வெறுங்காலோட போயாச்சு. நீங்க போய் ஒரு வாக்கு பறயணும்." மறுநாள் ஆர்ஷா ஒன்று மட்டும் சொன்னாள், அபினுக்கு நெல்லை மாமாவைத் தெரியும் அப்பா, ஃபோட்டோ எல்லாம் காட்டியிருக்கேன், அவன் அங்கேயே கண்டுபிடிச்சான், உங்கள ஆள் முன்னால கொச்சாக்கி அவமானப்படுத்த வேண்டாம்ணு ஒரு வார்த்தை மிண்டாம இருந்தான். எல்லோருமே என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றும்படியாக அப்படி என்ன இருக்கிறது என்னிடம்? செருப்பை மறுநாள் காகிதத்தில் சுற்றிக்கொண்டு சாலைக் கடைத்தெரு வரைக்கும் போனார். கடைக்கு எதிரே அரிசி மண்டி ஓரத்தில் நின்று பார்த்தார், அவன் ஒரு வாடிக்கைக்காரரிடம் உருளியைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான், ஆள் போகட்டும் என்று நின்றார், போனதும் அடுத்த ஆள் வந்தது, அடுத்த ஆள் போனதும் யாரும் இல்லை, யாரும் இல்லை என்றானதும் இவரால் நிற்க முடியவில்லை. செருப்பு இன்னும் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. நாளைக்கு, நாளைக்கு என்று பார்த்து எங்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, அழைப்பிதழ் அச்சடித்து வந்துவிட்டது, செல்லபாய் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கிச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்திருக்கிறாள், அதில் வெற்றிலையும் பழமும் அழைப்பிதழும் வைத்து நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நான் கூட வர மாட்டேன் என்கிறாள். அவர் அதை ஃபிரிட்ஜ் மேல் தூக்கி வைப்பார். காலையில் பார்த்தால் மறுபடியும் மேஜையில் இருக்கும்.

கத்தி காதோரத்திலிருந்து கீழே இறங்கியது. இப்போது சொல்லிவிட வேண்டும். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, சாலை முழுக்க வேடிக்கை பார்க்கிற கடை இல்லை, வீடு இல்லை, ஸ்ரீகுமார் மட்டும், அவன் வேண்டப்பட்டவன். எப்படித் தொடங்குவது… லேய் நெல்ல, நான் செய்தது மனுசன் செய்யுற காரியமில்லடே. இல்லை, அது வசனம் மாதிரி இருக்கிறது. லேய், எனக்கு மாப்பு தா… அதுவும் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது, மாப்பு கோப்பு என்றால் எழுந்து போய்விடுவான். லேய், வீட்டுக்கு வா. ஆமாம், அது போதும், லேய் நெல்ல, வீட்டுக்கு வாடே, உனக்கு மருமவ காத்துக் கெடக்கா. ராஜையன் அதை நுரைக்குள்ளேயே ஒத்திகை பார்த்தார், உதடு அசைந்தது, "சார், அனங்காதீங்க, கத்தி படும்" என்றான் ஸ்ரீகுமார். அந்தப் பக்கம் நெல்லையப்பன் பேப்பரை மடித்துக்கொண்டே ஸ்ரீகுமாரிடம் பேசிக்கொண்டிருந்தான். ஸ்ரீகுமாரின் மகளுக்கு நர்சிங் சேர்க்கை கிடைத்ததாம், அதைக் கேட்கிறான், எங்கே சேர்த்தாய், ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, பெண்பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டு உன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று. எல்லாம் மலையாளத்தில். ராஜையன் கத்தியின் அடியில் அசையாமல் கேட்டார். தடங்கலே இல்லை. ஒரு சொல்லைத் தேடி நிற்கவில்லை, ஒரு எழுத்தும் தமிழ் வாடையடிக்கவில்லை, நகரத்து மலையாளம், திருவனந்தபுரத்தில் பிறந்து திருவனந்தபுரத்திலேயே ஆயுசைக் கழித்தவனின் நல்ல கனிந்த மலையாளம், ரேடியோ கேட்டுப் பழகியது இல்லை. இது எப்போது கற்றுக்கொண்டான்? என்ன கேள்வி இது, காலை முதல் ராத்திரி வரை சாலையில் கடை வைத்திருக்கிறவனுக்கு யார் கற்றுத்தர வேண்டும். கடைக்குப் போகும்போது அவன் மலையாளத்தில் விலை சொல்வது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, ஏல ராஜையா வாடே என்று இந்தப் பக்கம் திரும்பிவிடுவான். அதனால் முழுதாகக் கேட்டதே இல்லை. கேட்காததை வராது என்று எடுத்துக்கொண்டேன். பாவம், வராது… ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்தேனே. வராமல் இல்லை. எனக்காக அதை எடுக்காமல் வைத்திருந்தான். இத்தனை வருஷமும் நான் வந்தவுடன் அதை அந்தப் பக்கம் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தான், இப்போது எடுத்துவிட்டான்.

ஸ்ரீகுமார் துணியை உதறினான். ராஜையன் எழுந்தார். நெல்லையப்பனும் எழுந்துவிட்டான், அடுத்த முறை அவனுடையது. நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம், இரண்டு பேரும் எதிரெதிரே. வெறும் கன்னத்தில் காற்றுப் பட்டது. இப்போது. லேய் நெல்ல… நெல்லையப்பன் அவருடைய முகத்தைப் பார்த்தான், அந்தப் பார்வையில் கோபம் துளிகூட இல்லை, கடையில் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிற நல்ல பார்வை. வழிவிட்டு ஒதுங்கினான். "சாறே, என்டெ ஒரு தாம்பாளம் அவிடெ கெடப்புண்டு. நாளெ ஆளெ விட்டேக்காம்." என்னுடைய தாம்பாளம் ஒன்று அங்கே கிடக்கிறது, நாளைக்கு ஆள் அனுப்புகிறேன். கடை ஆள் வருவான். வாடகைப் பாத்திரம் எடுக்க வருகிறவன் வாசலில் நிற்பான், பெயர் சொல்லுவான், வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான். வாடகைப் பாத்திரத்தில் யாரும் எதுவும் வைத்துக் கொடுப்பதில்லை. ராஜையனின் வாய் திறந்தது, ஆனால் வெளியே வந்தது ஒத்திகை பார்த்தது அல்ல. "வேண்டா, வேண்டா… ஞான் எத்திக்காம்." நான் கொண்டுவந்து சேர்க்கிறேன். மலையாளத்தில். அவருக்கே கேட்டது, கழுவித் துடைத்த அந்தப் பழைய ஆபீஸ் மலையாளம். எப்படி வந்தது, யார் கேட்டார்கள் அதை… மலையாளத்தில் கேட்டவனுக்கு மலையாளத்தில் பதில் சொல்லி வாய் பழகிப்போயிருக்கிறது, வாய் மனசைக் கேட்கவில்லை. நெல்லையப்பனின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது போலிருந்தது. அவன் ஒருவேளை காத்திருந்தானோ? கடைசியாக ஒருமுறை இவன் எந்தப் பாஷையில் பதில் சொல்கிறான் பார்ப்போம் என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தானோ? தெரியவில்லை. "புத்திமுட்டண்டா சாறே," சிரமப்பட வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, துணியைப் போடச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

தெருவில் தூறல். ராஜையன் பணம் கொடுத்தாரா என்பதுகூட நினைவில் இல்லை, கொடுத்திருப்பார். நேரே நடந்தார், கோயில் பக்கம் போகிற தெருவில் திரும்பினார், ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இல்லை, மூடிக் கிடந்த ஒரு தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றார். தலையில் ஈரம் பட்டபோதுதான் குடை ஞாபகம் வந்தது. வாசல் கம்பியிலேயே விட்டாயிற்று. வழக்கம்போல. வழக்கம்போல என்றால் இந்நேரம் பின்னாலிருந்து குரல் வரும், எந்தக் கடையானாலும், கல்யாண மண்டபமானாலும், ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் வரும், ஏல ராஜையா, கொடைய எவம்ல எடுப்பான் ஒங்க தாத்தனா, என்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி. எத்தனை தடவை அந்தச் சத்தத்துக்காகக் கூசியிருப்பார், மெதுவாகச் சொல்லேண்டே என்று பல்லைக் கடித்திருப்பார். மறந்துதான் விட்டேனா? உண்மையிலேயே மறந்தேனா, இல்லை அந்தக் கம்பியைத் தாண்டும்போது பார்த்துவிட்டே கையை நீட்டாமல் வந்தேனா… சிவப்பு நூல் கண்ணில் பட்ட மாதிரித்தான் இருக்கிறது. பட்டதா? காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தகரத்தில் மழை சத்தம், எங்கோ ஒரு பஸ் ஹாரன், கோயில் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. காலடிச் சத்தம் கேட்டது. வேகமான காலடி, தண்ணீரை மிதித்துக்கொண்டு வருகிற காலடி, ராஜையன் உடனே திரும்பவில்லை, திரும்பினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, கூப்பிடட்டும், முதலில் கூப்பிடட்டும் என்று நின்றார். "ராஜன் சாறே." தோளில் துண்டோடு ஸ்ரீகுமார், ஒரு கையில் இன்னும் சீப்பு, மறு கையில் குடை. "கொட மறந்திட்டீங்க. அண்ணன்தான் பார்த்து எடுத்துத் தந்தாரு, சாறின்டெ கொடயா, மழ நனையும், ஓடிக் கொண்டுபோய்க் குடுண்ணு." பாதி வெட்டின தலையோடு அண்ணன் அங்கே உட்கார்ந்திருக்கார், நான் போகட்டா என்று சொல்லிவிட்டு அவன் வந்த வழியே ஓடினான். ராஜையன் குடையைத் திறந்தார். தகரக் கூரைக்குள்ளேயே நின்றுகொண்டு திறந்தார். பாதித் தலையோடு எழுந்து வந்து கம்பியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். தெருமுனை தூரம்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரம்தான். கொடுத்தனுப்பினான், கூப்பிடவில்லை. இந்த ஊரில் ராஜையா என்று கூப்பிட இனி யார் இருக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினார், செல்லபாய் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், ஆபீஸ்காரர்களுக்கு ராஜன் சார், சபையில் ராஜன் அண்ணன், அச்சடித்து வந்திருக்கிற அழைப்பிதழிலும் ராஜன்தான்… மழை விட்ட பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.